மூன்று லாச்சி மீன்பெட்டி

மீன்பெட்டிக்குக் கூட்டம் என்றதும் மஹ்ரூபுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாலும் போகத்தான் வேண்டியிருந்தது. இறக்கக்கண்டியில் விடிய மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டி, கந்தளாயில் லாபிர் ஹாஜியாரின் சோற்றுக்கடைக்குக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. சண்டைக் காலம், வழியில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் நாலு சென்றி. நாலிலும் பெட்டியைக் கவிழ்த்து, ஐஸை வெயிலில் கொட்டி, கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு அள்ளச் சொல்வார்கள். கந்தளாய் போய்ச் சேரும்போது மீனின் செவுள் வெளுத்துக் கிடக்கும்.

“இன்னொருக்கா இப்படி நாறலைக் கொண்டந்தா வேற ஆளைப் பாத்திருவன்” என்று ஹாஜியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் கடை போனால் வீட்டில் அடுப்பும் போச்சு.

கூட்டத்தை நடத்தியது நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம். அதன் அதிகாரி பாக்கியரத்தினம் நல்ல மனுசன், ஆனால் கட்டம் போடாமல் அவருக்குத் தண்ணீரும் இறங்காது. சுவரில் ஒட்டிய காகிதத்தில் புதுப் பெட்டிக்கு ஐந்து யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டங்கள்: மீன் பழுதாகாதா, பாரம் குறைவா, கழுவலாமா, சோதனை சுலபமா. கட்டத்துக்குப் பத்துப் புள்ளி. குளிர் போகாமல் ரெஜிபோம் அட்டை வைத்து இறுக்கி மூடும் பெட்டி மூன்றில் பத்து வாங்கியது. நாலாவதில் சைபர்.

“அடி தெரியாட்டி கவிழ்க்கத்தான் செய்வாங்கள்” என்றார் பாக்கியரத்தினம்.

மஹ்ரூப் எழும்பினான். “அதுக்கு லாச்சி வைப்பம், சேர். அலுமாரிக்கு வைக்கிற மாதிரி மூண்டு. இழுத்தாத் தெரியும், தள்ளினா மூடும்.”

மண்டபமே கைதட்டியது. பிறகு ஊர் கூடித் தேர் இழுத்தார்கள். ஒருவர் கைப்பிடியைத் திருத்தினார், இன்னொருவர் தண்ணீர் வடிய ஓட்டை போட்டார், மூன்றாமவர் அந்த ஓட்டையை இடம் மாற்றினார். மூன்று மாதத்தில் பெட்டி தயார்.

முதல் பயணத்துக்கு மஹ்ரூப் மீனைப் பார்த்துப் பார்த்து அடுக்கினான். மேல் லாச்சியில் விலை கூடிய அறுக்குளா, நடுவில் பாரை, அடியில் மலிவான பொடிமீன் சூடை. மீன் விற்கிறவன் கை வேறெப்படிப் போகும்? நல்லதை மேலே வைத்துக் காட்டினால்தானே வியாபாரம்.

முதல் சென்றியில் மேல் லாச்சியை இழுத்தான். மூன்று வருடமாகப் பழைய பெட்டியில் சேறு பிடித்த ஐஸை மட்டுமே கண்ட சிப்பாய், அன்றுதான் மீனை மீனாகக் கண்டான். மாதக்கணக்காகப் பருப்புத் தின்ற முகம் மலர்ந்தது. “ஹொந்த மாளு!” நல்ல மீனென்று சிங்களத்தில் வாய் நிறையப் புகழ்ந்து, சிரித்த முகத்தோடு இரண்டைக் கேட்டான். தோளில் துவக்கைக் கொழுவிக்கொண்டு கேட்பவனிடம் இல்லையென்று சொல்ல யாரால் முடியும்? அடுத்த சென்றியில் நாலு பேர் நின்றார்கள், அறுக்குளா முடிந்தது. மூன்றாவதிலும் நாலாவதிலும் பாரை முடிந்தது. எல்லாரும் மரியாதையாக நன்றி சொன்னார்கள், ஒருவரும் பெட்டியைக் கவிழ்க்கவில்லை.

லாபிர் ஹாஜியார் சூடையை எடுத்து முகர்ந்தார். “மீன் நல்ல பச்சை. ஆனா சூடையை வெச்சு நான் எத்தினை பேருக்குச் சோறு போட?” மறுநாள் முதல் வேறு ஆள்.

அடுத்த கூட்டத்தில் பாக்கியரத்தினம் பேனையோடு நின்று, மஹ்ரூபை அண்ணன் முறை சொல்லிக் கேட்டார். “சென்றியில எவ்வளவு நேரம், நானா?”

“ரெண்டு நிமிசம், சேர்.”

பத்து.

“மீன் பழுதானதோ?”

“ஒண்டும் பழுதாகேல்ல.”

பத்து.

“கழுவ?”

“லேசு, சேர்.”

பத்து.

“பாரம்?”

“போகப் போகக் குறைஞ்சுட்டு.”

அதற்கும் பத்து. நாற்பதுக்கு நாற்பது. மஹ்ரூப் பள்ளிக்கூடத்தில்கூட இப்படி வாங்கியதில்லை. இருபது பெட்டி செய்யக் கொடுப்பதென்று அங்கேயே முடிவாயிற்று. கைதட்டல் ஓயும்வரை பொறுத்திருந்து அவன் சொன்னான்.

“ஹாஜியார்ர கடை கைவிட்டுப் போயிட்டு, சேர். நல்ல மீன் எல்லாம் சென்றியிலயே முடிஞ்சிருச்சி.”

பாக்கியரத்தினம் காகிதத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகம் உண்மையாகவே வாடிப்போனது.

“அதைக் கேக்க எங்களுக்குத் தோணேல்லையே, நானா.”

“எனக்கு மட்டும் தோணினதா, சேர்?” என்றான் மஹ்ரூப். “அறுக்குளாவை மேல வெச்சது நான்தானே.”