பாத்தி வழியாக ஒரு பாதை

அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தோட்டம் போடக் கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். மதிலோரப் பாத்தி மூன்றாம் மாடிப் பட்டன் அக்காவுடையது. ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பட்டன் வைக்கும் மெஷினில் அவளுக்கு வேலை. அதனால் கட்டடம் முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

அவள் பாத்தி கேட்டது தனக்காக அல்ல. லாரி ஓட்டிய அவள் புருஷனுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய்விட்டன. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். கைப்பயிற்சிக்கென்று கொடுத்த ரப்பர் பந்தை இடது கையால் ஜன்னல் வழியாக வீசினார். ஆனால் ஒருநாள் லிஃப்டில் இறக்கி, பாத்தியோரம் முக்காலியில் உட்கார வைத்தபோது, யாரும் சொல்லாமலே அந்த வலது கை நகர்ந்தது. ஒரு பீன்ஸ் விதையை விரல் நுனியால் மண்ணுக்குள் தள்ளினார். அன்று அவள் வேலைக்குத் தாமதமாகப் போய், சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, சிரித்துக்கொண்டே மெஷினில் உட்கார்ந்தாள்.

பிறகு தரைத்தளத்தில் சமையல் கான்ட்ராக்டர் குடிவந்தார். அவருடைய வேன் பின்வாசலில் நிற்கும். போக ஒழுங்கான பாதை இருந்தது. பாத்தியை மிதித்துக் குறுக்கே போனால் நாலு எட்டு மிச்சம். அவருடைய ஆட்கள் அண்டாக்களோடு குறுக்கேதான் போனார்கள்.

கான்ட்ராக்டர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“ஐயோ அக்கா, மன்னிச்சுக்கங்க. கண்ணு தெரியாத பசங்க. நான் சொல்லிடறேன்” என்பார். சாயங்காலம் அவர் வீட்டிலிருந்து சுடச்சுடச் சாப்பாட்டு டப்பா வரும். வேலையிலிருந்து வீங்கிய காலோடு வரும் அவளுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பிருக்காது; அதையே இருவரும் சாப்பிடுவார்கள். மறுநாள் பாத்தியில் புதிதாகக் கால்தடம். ஒரு புகாருக்கு ஒரு டப்பா என்று ஆகிவிட்டதை அவள் தாமதமாகத்தான் உணர்ந்தாள். அடுத்த டப்பாவைத் திருப்பி அனுப்பினாள். குச்சி நட்டுக் கயிறு கட்டினாள். அந்தக் கயிற்றை அறுத்து வேனில் கேஸ் சிலிண்டரைக் கட்டியிருந்தார்கள்.

பீன்ஸ் பூத்த வாரத்தில், புருஷனைப் பாத்தியோரம் உட்கார வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போன பிறகு, கான்ட்ராக்டரின் மீசைக்கார ஆள் ஒருவர் அண்டாவிலிருந்த கொதிக்கிற தண்ணீரைப் பாத்தியில் சாய்த்தார். புருஷன் முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “ஆ… ஆ…” என்று கத்தினார். மீசைக்காரர் பதிலுக்குச் சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார்.

அவள் வந்து பார்த்தபோது கொடி வெந்து தொங்கியது. புருஷன் அன்று சுவர்ப் பக்கம் திரும்பியவர்தான். வலது கை முஷ்டியாக இறுகிவிட்டது. விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை.

குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஓடினாள்.

“விடும்மா. நல்ல மனுஷன். எல்லார் வீட்டுக்கும் அவர் சாப்பாடு வருது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க.”

“உப்புப் போட்டாரு, சரிங்க. சுடுதண்ணிய எதுக்குப் போட்டாரு?”

அவர் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. பாத்தியின் நடுவே, குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். அண்டாவைத் தூக்கி வந்தவர்கள் திகைத்து நின்றார்கள்.

“அக்கா, எந்திரிங்க, கை சுடுது!”

“சுத்திப் போங்க.”

கான்ட்ராக்டர் வந்தார். முதன்முறையாக முகத்தில் சிரிப்பு இல்லை. “நாலு செடிக்கா இந்தப் பாடு? கூடை கூடையா காய் வாங்கித் தரேன், போதுமா?”

“காய் வேணாம் தம்பி. எனக்கு அவரு கை வேணும்.”

அவருக்கு விளங்கவில்லை. வாட்ச்சைப் பார்த்தார், ஆட்களைச் சுற்றிப் போகச் சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில், மதிலோரப் பாத்தியைப் பொதுப் பாதையாக மாற்றலாமா என்று செயலாளர் கேட்டார். கைகள் உயர்ந்தன. அவளோடு தினமும் பேசும் டியூஷன் டீச்சரின் கையும், தோள் வரை மட்டும், உயர்ந்தது.

“நான் என்னக்கா பண்றது? நானும் அங்கதானே சாப்பிடறேன்” என்றாள் டீச்சர், வெளியே வந்ததும்.

பட்டன் அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். செயலாளர் பதறி ஓடி வந்தார்.

“என்னம்மா பண்றே?”

“பாதை உங்களுது. மண்ணு என்னுது. எருவும் இலையும் போட்டுப் போட்டு நான் பண்ணின மண்ணு.”

“லிஃப்ட்ல ஏத்தக் கூடாது, சொல்லிட்டேன்.”

படிவழியே தூக்கினாள். வாளி வாளியாக. எத்தனையாவது வாளியோ, இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவள், வாய்விட்டு அழுதாள். கதவுகளுக்குப் பின்னால் பேச்சுக் குரல்கள் நின்றன. ஒரு கதவும் திறக்கவில்லை.

கீழிருந்து மீசைக்காரர் ஏறி வந்தார். வாளியில் கை வைத்தார்.

“விடுங்க.”

அவர் விடவில்லை. “அன்னைக்கு அண்ணன் சத்தம் போட்டாரே… சிரிக்கிறாருன்னு நெனச்சேன்க்கா. சத்தியமா.”

அவள் வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். வீட்டுக்குள் வந்ததும், சுவரைப் பார்த்துக் கிடந்தவரின் முதுகைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மீசைக்காரர் தலைகுனிந்து இறங்கிப் போனார்.

துணி ஊறவைக்கும் பெரிய டப்பில் மண்ணைக் கொட்டிக் கட்டிலோரம் வைத்தாள். “பாருங்க, நம்ம மண்ணு” என்றாள். புருஷன் திரும்பவில்லை. கெஞ்சினாள். திரும்பவில்லை. நாட்கள் போயின. கீழே பாத்தி இருந்த இடத்தில் சிமென்ட் போட்டார்கள். அண்டாக்கள் அதன்மேல் போய் வந்தன. வேலை முடிந்து வரும்போது அவள் முன்வாசல் வழியாகவே வந்தாள்.

ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தபோது கட்டில் விரிப்பு முழுக்கச் சேறு. தண்ணீர்ச் செம்பு டப்புக்குள் கவிழ்ந்து கிடந்தது. புருஷன் டப்புப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இறுகிய முஷ்டி ஈரமண்ணில் மணிக்கட்டு வரை புதைந்திருந்தது. விரல்கள் உள்ளே பிரிந்திருந்தனவா இல்லையா, தெரியவில்லை.

“யாரு துவைக்கிறது இதை? ஆள் வச்சிருக்கீங்களா?” என்று கத்தத் தொடங்கினாள். குரல் பாதியில் உடைந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.