நன்றி வாசிப்பு

"கொஞ்சம் கலைச்சு விடும்மா."

"எதை டீச்சர்?"

"பொண்ணு தலையைத்தான். இப்படிப் படிய வாரிக் கூட்டிட்டு வந்தா, கஷ்டப்படுற வீட்டுப் பொண்ணுன்னு யாரு நம்புவா?"

"கஷ்டப்பட்டா வீட்டுல சீப்புகூட இருக்கக் கூடாதா டீச்சர்?"

தலைமை ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தாள். எதிரே மகளோடு நின்றவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் அவள். விடியும் முன்பே எழுந்து மகளின் சீருடையைத் தேய்த்து, வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். கல்வி அதிகாரி வருகிறார், போட்டோ எடுப்பார்கள் என்று பள்ளியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள்.

ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க அரசாங்கம் பள்ளிக்குத் தனியாகப் பணம் கொடுத்திருந்தது. அந்தப் பட்டியலில் மகளும் இருந்தாள். பட்டியல் பிள்ளைகளுக்குப் பள்ளியில் 'சிறப்பு' என்று பெயர். "ஏய் சிறப்பு, தள்ளி உக்காரு!" என்று வகுப்பில் மற்ற பிள்ளைகள் விரட்டியதாக ஒருநாள் மகள் அழுதுகொண்டு வந்தாள். நாலு எழுத்துப் படித்தால் போதும் என்று அம்மா அதையும் விழுங்கிக்கொண்டாள்.

இன்றுதான், அந்தப் பணத்தில் அமைத்த வாசிப்பறைக்குள் முதல்முறையாகக் கால் வைக்கிறாள். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபா. பிள்ளைகளின் குட்டி மேஜையில் விருந்தாளிகளுக்கு பிஸ்கட் தட்டு. டீக் கோப்பைகள் மேஜையைக் கறைப்படுத்தாமலிருக்க அடியில் எழுத்து அட்டைகள். 'அ'வின் வயிற்றில் வட்டமாக ஒரு டீக்கறை. அவள் முந்தானையால் அதைத் துடைத்துப் பார்த்தாள். சலவைக்கு வரும் விரிப்புகளில் எத்தனையோ கறை பார்த்தவள்; இந்தக் கறை போகவில்லை.

"வாசிப்பு டீச்சர் எங்க?"

"வந்தாங்க, ரெண்டு வாரம். அப்புறம், வர்றவங்க போறவங்க உக்கார ஒரு இடம் வேணாமாம்மா? எல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தானே! இந்தா கண்ணு, நன்றியுரை. வாசிச்சுக் காட்டு."

மகள் தாளைப் பிடித்துக்கொண்டு கணீரென்று தொடங்கினாள்.

"இந்த அறையில்தான் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டேன்..."

ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை. ஆனால் விரல் தாளின் கடைசி வரியில் கிடந்தது.

"நேத்து மூணே தடவைதான் சொன்னேன். அப்படியே பிடிச்சுக்கிட்டா. கற்பூர புத்தி உங்க பொண்ணுக்கு!"

அம்மா குனிந்து, தாளின் முதல் வார்த்தையைத் தொட்டாள். "இது என்னடி?"

மகள் தாளைப் பார்க்கவில்லை. விடை அங்கே இருப்பதுபோல அம்மாவின் வாயையே பார்த்தாள்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தலைமை ஆசிரியை ஓடிப்போய் அதிகாரியை அழைத்து வந்தாள். புகைப்படக்காரர் பின்னாலேயே நுழைந்தார்.

"ம், ஆரம்பி கண்ணு."

அம்மா மகளின் கையிலிருந்து தாளை எடுத்து, தலைமை ஆசிரியையிடம் நீட்டினாள்.

"டீச்சர், இதுல முதல் வார்த்தையை மட்டும் இப்ப அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் குடுங்க. ஐயாவும் பாக்கட்டும். நாங்க நிக்கிறோம்."