தர்மாம்பாள் அக்காவுக்கு ஏற்ற லென்ஸ்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன்; கை வேறு மாதிரி ஆரம்பித்தது:

"பொன்னந்தி வெயிலில் தகதகத்த குடமுருட்டி ஆற்றங்கரையில், தோளில் தொங்கும் கேமராவுடன்..."

[அடித்துவிட்டேன். அந்த மாதம் குடமுருட்டியில் தண்ணீர் இல்லை. தோளில் கேமராவும் இல்லை. நேரத்துக்குக் கேமரா வாங்காததுதான் கதை.]

2

வலங்கைமானில் இருக்கும் தர்மாம்பாள் அக்கா என் பெரியம்மா மகள். அவள் கணவர் நாகநாதன் அத்தான், தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தஞ்சாவூரில் 'சோழமண்டல ஒளிவேந்தர்கள்'* என்ற வாட்ஸப் குழுவுக்கு ஆலோசகர். குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் பெரிய கோயில் கோபுரத்தை விடியற்காலையில், ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள். எனக்குச் சொந்தமாகக் கேமரா கிடையாது. கருத்து உண்டு.

(* பெயர் வைத்ததும் நான்தான்.)

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இருமுறை தஞ்சாவூருக்கு வந்து டயாலிசிஸ். [இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். கதைக்கு அழகாக இருந்தது, அக்காவுக்கு இல்லை.] அவள் அத்தானிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"பதினாறாம் நாள் எனக்குப் படத்திறப்பு வைப்பீங்கல்ல? மைக்கைப் பிடிச்சு நாலு பேரு பேசுவான். துணியை விலக்குனா உள்ள நான் நானா இருக்கணும். உங்க அம்மாவுக்கு ஓட்டர் கார்டு படத்தைப் பெருசு பண்ணி வச்சீங்க. போலீஸ் தேடுற ஆளு மாதிரி இருந்தாங்க பாவம். என் மூஞ்சி வீங்கறதுக்குள்ள நல்லதா ஒண்ணு எடுத்துடுங்க."

அத்தான் அழவில்லை. ஒரு ஃபைல் திறந்தார்.

3

மூன்று கொட்டேஷன் இல்லாமல் அத்தானுக்குக் குண்டூசிகூட வாங்கத் தெரியாது. கேமரா பாடிக்கு மூன்று கடை, லென்ஸுக்கு மூன்று கடை. பென்சிலால் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியல். மூன்றாவது கடைக்காரர் தாள் கொடுப்பதற்குள் முதல் கடை விலை காலாவதியாகிவிடும். மறுபடியும் ஒன்றிலிருந்து.

நான் உதவினேன். ஐம்பது எம்எம் லென்ஸ் என்று அவர் முடிவுக்கு வந்தபோது, "முகத்துக்கு எண்பத்தஞ்சுதான் அத்தான்" என்றேன். எண்பத்தைந்துக்கு வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க. மிரர்லெஸ்னு புதுக் கேமரா வந்தப்புறம் பழைய டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சுங்கிறாங்க" என்றேன்.

"செத்துப்போச்சா?" என்றது அடுப்படியிலிருந்து அக்காவின் குரல். "எனக்கு முன்னாடியேவா?"

தஞ்சாவூர்க் கேமரா கடைக்காரர் அப்சர் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"சார், மண்டபம் மண்டபமா கல்யாணம் எடுக்கறவன்கூட இவ்வளவு கேக்க மாட்டான். எதைத்தான் எடுக்கப்போறீங்க?"

"வீட்டுல ஒரு ஆள" என்றார் அத்தான்.

"ஒரே ஆளா?"

"ஒரே போட்டோ."

[முதல் எழுத்துப்படியில் அப்சரைப் பேராசைக்காரராக எழுதியிருந்தேன். கிண்டலுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது இது:]

"அப்ப நான் எடுக்கற கேமராவையே கொண்டுபோங்க சார். எடுத்துட்டுத் திருப்பிக் குடுங்க."

இரவல் கேமராவுக்கு அத்தானின் பட்டியலில் கட்டம் இல்லை.

4

இப்போது அந்தப் பொய்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்காவின் முகம் அன்று தெளிவாக இருந்தது. பூ விற்கிறவளிடம் பேரம் பேசித் தோற்றுவிட்டு, அதற்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உன் போன்லயே ஒண்ணு எடேன்."

"போன்ல எடுத்தா, பெருசு பண்றப்ப படம் புள்ளி புள்ளியா உடைஞ்சிடும்க்கா."

"உடையுமா?"

"உடையும்."

[உடையாது. படத்திறப்பு அளவுக்கு நன்றாகவே வரும். ஒளிவேந்தர்களின் ஆலோசகர் சொந்த அக்காவைப் போனில் எடுத்தார் என்று குழுவில் தெரிந்தால் என்ன ஆவது என்றுதான் நினைத்தேன். முந்தைய மூன்று படிகளில், என் போனில் சார்ஜ் இல்லை என்று எழுதியிருந்தேன்.]

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) கேமரா வருவதற்குள் அக்கா போய்விடுகிறாள். நீங்கள் கண் கலங்குவீர்கள். எனக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் அக்கா இருக்கிறாள்.

ஆ) கேமரா வருகிறது. ஒரே க்ளிக். அவள் உதட்டோரம் அந்தப் பழைய... [இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.]

6

ஃபைல் திறந்து பதினான்கு மாதம் கழித்துக் கேமரா வந்தது, எண்பத்தைந்து எம்எம் லென்ஸோடு. அத்தான் ஒரு நாள் முழுக்கக் கையேடு படித்தார். தென்னை மரத்தை எடுத்துப் பார்த்தார். மோட்டார் கொட்டகையை எடுத்துப் பார்த்தார். மறுநாள் காலையில் அக்கா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கன்னம் உப்பியிருந்தது, இமைகள் வீங்கிக் கண் பாதிதான் தெரிந்தது.

லென்ஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நாங்கள் கடை கடையாகத் தேடிய துல்லியம் முழுவதும் படத்தில் இருந்தது. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்ட தழும்பின் தையலைக்கூட எண்ணலாம்.

அக்கா கேமராவின் பின்பக்கத் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"யாருங்க இது?"

அத்தான் சட்டை நுனியால் திரையைத் துடைத்தார்.

"அழிச்சிடுங்க. இனிமே எடுக்கவும் வேணாம்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அழித்தால், அடையாள அட்டையை விட்டால் படத்திறப்புக்கு வேறு படமே இல்லை. வைத்தால், யாரென்று அவளே கேட்ட முகத்தை ஊர் முன்னால் துணி விலக்கிக் காட்டுவோம்.

"மாப்ளே, எதை அமுக்கணும்?" என்கிறார் அத்தான்.

அழிக்கவா என்று கேட்டுத் திரை நிற்கிறது. எனக்குப் பொத்தான் தெரியும். ஆனால் ஆலோசனை சொல்லி இவ்வளவு தூரம் கொண்டுவந்தவன் நான். இன்னொன்று சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். உள்ளே அவள் பட்டுப்புடவையை அவிழ்த்து மடிக்கும் சத்தம் கேட்கிறது. அவள் வெளியே வருவதற்குள் சொல்லுங்கள்.