இடது பக்கத்துச் சீட்டு

“ஏலே அருளு, அந்தப் பக்கம் பிடி. இழுத்தா தரை கீறும்.”

அடைக்கலமேரி வண்டிச் சீட்டின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் குனிந்து நின்றாள். கூடத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள், சொல்வதை நிறுத்தாமல் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள்.

அருள்பிரகாஷ் ஓடிவந்தான். “ம்மா, என்னம்மா பண்றீங்க? இப்ப எதுக்கு இது?”

“வண்டியில மாட்டணும்.”

“எந்த வண்டியில?”

“உங்கப்பா வண்டியிலதான். வேற யாரு வண்டி சீட்டு இல்லாம கெடக்கு?”

பெட்டியை அவருடைய வண்டியிலேயே கொண்டுபோவது என்று முந்தின நாள் சாயங்காலமே முடிவாகியிருந்தது. வில்பட்டியிலிருந்து கேரட் லோடு ஏற்றும் பழனிமுத்துதான் பேச்சை எடுத்தான். “பின்னாடி சீட்டு பூராம் கழட்டிக் கெடக்கு, ரெண்டு பெட்டி வைக்கலாம். அண்ணன் இன்னொருத்தன் வண்டியில ஏறுவாரா? அவன் எந்த கியர்ல ஓட்டுறான்னு உள்ள படுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பாரு.” அழுதுகொண்டிருந்தவர்களில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். அடைக்கலமேரி சரி என்றாள். ஆனால் காலையில் மகன், “நீங்க ஆக்ஸிலியா கார்ல பின்னாடி வாங்கம்மா” என்றபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. கோயிலுக்கும் கல்லறைக்கும் அவரோடு ஓட்டுகிறவன் மட்டும்தான் போவான்.

“நான் அவரோடதான் வருவேன்.”

“எதுல உக்காருவீங்க? டிரைவர் சீட்டு ஒண்ணுதானம்மா இருக்கு.”

“அதான் தூக்கச் சொல்றேன்.”

மகள் ஆக்ஸிலியா வந்து தோளைப் பிடித்தாள். “ம்மா, ஃபாதர் வெயிட் பண்ணுவாரு. இப்ப போயி சீட்டு மாட்டிக்கிட்டு… ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு எப்பவோ சொல்லி முடிச்சிருச்சு. நீ வெலகு.”

அவள் கணவர் பரமானந்தம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வண்டி ஓட்டினார். எட்டுப் பேர் உட்காருகிற பெரிய டீசல் வண்டி. அவர் ரிடையர் ஆன கையோடு வண்டியையும் கழித்துக் கட்டினார்கள். அதை அவரே வாங்கிக்கொண்டு அட்டுவம்பட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தியது நின்றபடி கொஞ்ச காலம் போயிற்று. சென்னையிலிருந்து வந்திருந்த அருள் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்: “ப்பா, இது டீசலக் குடிக்குதுப்பா. வித்துட்டு சின்னதா ஒண்ணு வாங்குங்க. வயசாயிருச்சுல்ல.”

பரமானந்தத்தின் கை தட்டிலேயே நின்றது.

“யாருக்கு?”

“வண்டிக்குப்பா.”

“சரி” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

அன்றைக்குப் பிடித்தது மைலேஜ் கிறுக்கு. விடிந்ததும் மேலே இருந்த கேரியரைக் கழற்றி கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். “காத்து இடிக்குது மேரி. காத்தத் தள்ளிக்கிட்டு போறதுக்கே பாதி டீசல் போகுது.” பிறகு ஏசியைக் கழற்றினார். “இந்த மலையே ஏசி. அதுக்குள்ள எதுக்கு இன்னொரு ஏசி?” அதற்கப்புறம் கடைசி வரிசைச் சீட்டு, நடுவரிசைச் சீட்டு. ஏர் ஃபில்டரைக் குழந்தையைத் தட்டுவதுபோல் தட்டித் தூசி எடுப்பார். வெள்ளனே எழுந்து, டயர் சூடாவதற்கு முன்னால் காற்றுப் பார்ப்பார். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். “இங்க பாரு மேரி, பிரேக்கு லேசாப் பிடிக்குது. நாம பாட்டுக்கு மிதிக்கிறோம், அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டே வருது. எப்படி மைலேஜ் குடுக்கும்?”

“எனக்கு என்ன தெரியும்? எனக்கு உலை கொதிக்குது.”

இறக்கத்தில் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டு வரும் பையன்களைக் கண்டால் மட்டும் வண்டியை நிறுத்தித் திட்டுவார். “டீசல மிச்சம் பண்ணி ஆளத் தொலைக்கவா? கியர்ல விட்டு கால எடுலே, போதும்.” ஊரில் அவருக்கு ‘சொட்டு’ என்று பெயர் வைத்தார்கள். சொட்டு வந்துட்டாரு, சொட்டு போறாரு. சோலி ஒன்றும் இல்லாமலே தினமும் வில்பட்டிக்கு இறங்கி மறுபடி ஏறுவார், எவ்வளவு கொடுக்கிறது என்று பார்க்க. “டீசல மிச்சம் பிடிக்கிறேன்னு டீசல எரிச்சுக்கிட்டுத் திரியுற மனுசன் ஒலகத்துல நீங்க ஒருத்தர்தான்” என்பாள் அவள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியிருந்த ஒரு நாள் இரண்டு பேரும் டவுனுக்குக் கிளம்பினார்கள். அட்டுவம்பட்டி தாண்டியதும் ஒரு செங்குத்தான ஏற்றம். அதன் அடியில் வண்டியை ஓரங்கட்டினார்.

“மேரி.”

“என்னங்க?”

“இந்த ஏத்தத்த மட்டும் நீ நடந்து வாறியா? மேல நிப்பாட்டுறேன். ஆளு இல்லாம எப்படி இழுக்குதுன்னு ஒருக்க பாத்துக்கிருவோம்.”

விளையாட்டு என்றுதான் நினைத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. இறங்கினாள். மூடுபனியில், கையில் பையுடன், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எதிரே வந்த வில்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஏக்கா, சொட்டு எறக்கி விட்டுட்டாரா?” என்று ஒருத்தி கத்தினாள். பஸ் முழுக்கச் சிரித்தது.

மேலே அவர் மலர்ந்த முகத்தோடு நின்றிருந்தார். “மேரி, என்னமா இழுத்துச்சு தெரியுமா!”

“நல்லா இழுக்கட்டும். இனிமே உங்க வண்டியில என் கால் படாது.” திரும்பி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஸ்பானர் சத்தம் கேட்டது. இடது பக்கத்துச் சீட்டைக் கழற்றி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து அடுப்படியில் போட்டார். “வராத ஆளுக்கு சீட்டு எதுக்கு? பாரமாவது கொறையட்டும்.”

“போடுங்க. பூண்டு உரிக்க உக்காந்துக்கிறேன்.”

அப்படியே உட்கார்ந்தாள். பூண்டு உரித்தாள், பீன்ஸ் நரம்பு எடுத்தாள், போன் பேசினாள். அவர் தண்ணீர் குடிக்க வருகிறபோதெல்லாம் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

“சீட்டு வசதியா இருக்கா?”

“இருக்கு.”

“முதுகு வலிக்கலியே?”

“வலிக்கல.”

“சரி.”

அவர் கேட்டது இவ்வளவுதான், இவள் சொன்னதும் இவ்வளவுதான். பூண்டுத் தோல் சீட்டின் மடிப்பில் சேர்ந்துகொண்டே இருந்தது.

நேற்றுக் காலை அவரைப் பழனிமுத்துதான் பார்த்தான். வில்பட்டி ரோட்டில் ஒரு வளைவைத் தாண்டி. “வண்டிய அழகா ஓரங்கட்டியிருந்தாரு அக்கா. ஹேண்ட் பிரேக் போட்டு, இஞ்சினயும் அணைச்சிருக்காரு. நான் தூங்குறாருன்னுல நெனச்சேன். ஹாரன் அடிச்சுக்கூட பாத்தேன்.” அப்புறம் அவன் சொல்லத் தயங்கியதையும் சொன்னான். “தலை இந்தப் பக்கமா சாஞ்சு கெடந்துச்சு. இடது பக்கமா. தாங்குறதுக்கு ஒண்ணும் இல்ல பாருங்க.”

டாக்டர் மாரடைப்பு என்றார். கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார்.

சீட்டை வாசலுக்குக் கொண்டுவந்தாயிற்று. பழனிமுத்து ஒரு பக்கம், அருள் ஒரு பக்கம். அப்புறம்தான் அருள் தலையில் கையை வைத்தான்.

“போல்ட்டு எங்கம்மா?”

“எந்த போல்ட்டு?”

“சீட்டு நிக்க வேணாமா? காலுக்கு ஒண்ணா நாலு போல்ட்டு வேணும்ல. அப்பா எங்க போட்டு வச்சாரு?”

டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். பழைய பால்பவுடர் டப்பாக்களைக் கொட்டினார்கள். ஆணி வந்தது, வாஷர் வந்தது, செத்துப்போன கடிகாரம் ஒன்று வந்தது. கேரியர் சாய்ந்திருந்த இடத்தில்கூட அருள் குனிந்து தேடினான். கோழிகள் அலறி ஓடின. பழனிமுத்து தன் லாரியிலிருந்து சிலதைக் கொண்டுவந்து திருகிப் பார்த்தான், பொருந்தவில்லை.

தூரத்தில் கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடிக்க ஆரம்பித்தது.

“ம்மா, மணி அடிச்சாச்சு.” ஆக்ஸிலியா அழுதுவிட்டாள். “என் கூட வாங்கம்மா. அப்பா பின்னாடியேதான போகப் போறோம்.”

“பின்னாடி வர மாட்டேன்.”

“கட்டையப் போட்டு, சும்மா வச்சு உக்காரலாமா அக்கா? மெதுவாத்தான போவோம்” என்றான் பழனிமுத்து.

“ஏத்தத்துல சரியும்” என்றான் அருள். “வேணாம்மா. சொன்னாக் கேளுங்க.”

அடைக்கலமேரி சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருஷம் அடுப்படிக் கதவைச் சீவுவதற்காக அவர் கழற்றியது நினைவுக்கு வந்தது. கதவு ஒரு வாரம் வெளியே கிடந்தது. திருகாணிகள் தொலையுமே என்று இவள் கத்தினாள். “எங்கயும் போகாது, நெலையத் தடவிப் பாரு” என்றார். அவ்வளவும் நிலையில், அததன் ஓட்டையிலேயே, திருகி நின்றிருந்தன. கழற்றியதை எல்லாம் அவர் அப்படித்தான் வைப்பார். தேட வேண்டியதில்லை, மறுபடி மாட்டுகிற அன்றைக்குக் கையை நீட்டினால் போதும் என்பார்.

நேராகப் போய் வண்டியின் இடது கதவைத் திறந்தாள். கால் ஒரு நொடி வெளியிலேயே நின்றது. பிறகு கம்பியைப் பிடித்து ஏறி, உள்ளே மண்டியிட்டாள். தரையில் ஒரு சாக்கு விரித்திருந்தது. அதைத் தூக்கினாள்.

நான்கும் இருந்தன.

விரலால் ஒன்றைத் திருப்பினாள். இறுகவில்லை, எண்ணெயில் வழுக்குவதுபோல் திரும்பி மேலே வந்தது. அதன் மரை முழுக்கப் பளபளவென்று கிரீஸ். சாக்குக்கு அடியிலேயே ஒரு ஸ்பானரும் கிடந்தது.

அருள் கதவருகில் வந்து நின்றான். இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

“துரு ஒண்ணும் ஏறல. கிரீஸ் புதுசாருக்கும்மா. தூசிகூட ஒட்டல. இந்த வாரம்தான் போட்ட மாதிரி…”

பழனிமுத்து வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “சீட்டத் தூக்குங்க தம்பி, வெரசா” என்றான்.

வேலை சட்டென்று முடிந்தது. அடைக்கலமேரி இறங்கி, விரலில் இருந்த கறுப்பைத் துடைக்காமல், கூடத்துக்குப் போய் அவர் கையைத் தொட்டுவிட்டு வந்தாள். பெட்டியை மூடினார்கள். பின்கதவு வழியாக உள்ளே தள்ளினார்கள். தடையில்லாமல் போய் அமர்ந்தது.

அருள் ஓட்டினான். அவன் நெட்டை. ஏறியதும் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிக்கொண்டுதான் காலை உள்ளே வைக்க முடிந்தது. ரோட்டில் இறங்கியதுமே வண்டி உறுமியது.

“இவ்வளவு மிதிக்காத.”

“இல்லம்மா, இழுக்கணும்ல.”

“ரெண்டுல போட்டுட்டு லேசாக் குடு. தானா ஏறும். கிளச்சுல இருந்து கால எடு, அங்கயே ஊண்டிக்கிட்டு இருக்க பாரு.”

அவன் திரும்பிப் பார்த்தான். “உங்களுக்கு இதெல்லாம் எப்படிம்மா தெரியும்?”

“காதுல விழுந்தது.”

ஏற்றம் வந்தது. வண்டியின் குரல் கனத்தது. மூன்று பேர் பாரம். எதிரே வந்த பஸ், பெட்டியைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றது. ஜன்னலோரத்தில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். பாதி ஏற்றத்தில் வண்டி ஒரு திணறு திணறியது. அடைக்கலமேரியின் கை தானாகக் கதவுப் பிடிக்குப் போயிற்று.

“என்னம்மா? எறங்கணுமா?”

பின்னால் பெட்டி லேசாக அசைகிற சத்தம் கேட்டது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்ல. போ.”

பூசை முடிந்து, கல்லறையில் எல்லாரும் ஒரு கை மண் போட்டு, திரும்பும்போது மூடுபனி ரோட்டை மறைத்துவிட்டது. இறக்கத்தில் அருள் சொல்லாமலே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். பாரமில்லாத வண்டி பின்னால் கடகடத்துக்கொண்டே வந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தான்.

“எறங்குங்கம்மா. பக்கத்து வீட்ல கஞ்சி வச்சிருக்காங்களாம்.”

“நீ போ. வாறேன்.”

“குளிருதேம்மா.”

“போய்யா, வாறேன்.”

அவன் போனான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உள்ளே யாரோ பாத்திரம் எடுத்தார்கள். முன்கண்ணாடியில் பனி ஏறி வெளியே ஒன்றும் தெரியாமல் போயிற்று.

அடைக்கலமேரி வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் சீட்டு பின்னால், வெகு தூரத்தில் இருந்தது. அவர் குள்ளம். ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

சாய்ந்து, கையை நீட்டி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தேடிப் பிடித்துத் தூக்கினாள். இழுத்தாள். கடக்கென்று ஒரு பல் முன்னால் வந்தது. இன்னொரு பல். பெடலைப் பார்த்தாள், ஸ்டியரிங்கைப் பார்த்தாள். இல்லை, இன்னும் கொஞ்சம்.

இன்னும் ஒரு பல் இழுத்தாள். சீட்டு அங்கே வந்து நின்றது.