ஆச்சே

1

ஒரு டாக்டரின் காது செய்த தப்பிலிருந்து இந்தக் கதை வந்தது. வங்காளிகள் ஊரில், எங்கள் லேக் கார்டன்ஸ் குடியிருப்பில் அந்த டாக்டரே சிரிக்காமல் சொன்னது. அவளுக்கு அலமு என்று பெயர் வைக்கிறேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘நியூ டவுன் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் காலை வெயில் பட்டு...’ (வேண்டாம். ஆபரேஷன் தியேட்டருக்குள் வெயிலுக்கு என்ன வேலை?)

2

அலமு மயக்க மருந்து டாக்டர். மேசையில் பெஹாலாவிலிருந்து வந்த ஒரு பெண். கர்ப்பப்பையில் பெரிய கட்டி, ரத்தம் கொட்டக்கூடிய ஆபரேஷன். மயக்கம் கொடுக்கும் முன் அலமு ரத்த வங்கியில் வேலை பார்க்கும் தபன்தாவுக்கு, அதாவது தபன் அண்ணாவுக்கு, போன் செய்தாள். அவசரமென்றால் அவளுக்கு வாயில் தமிழ்தான் வரும்.

“தபன்தா, பிளட் ஆச்சா?”

“ஆச்சே மேடம், ஆச்சே.”

தமிழ்க் காதுக்கு வேறென்ன வேண்டும்? போனை வைத்துவிட்டு, ரத்தம் ரெடி என்று சர்ஜனிடம் சொன்னாள்.*

* வங்காள மொழியில் ‘ஆச்சே’ என்றால் ‘இருக்கிறது’. தபன்தா காதில் அவள் கேள்வியும் ‘இருக்கா?’ என்றுதான் விழுந்தது. ரத்தம் குளிர்பெட்டியில் இருந்தது. அது இந்தப் பெண்ணுக்குச் சேருமா என்று இன்னும் யாரும் சோதிக்கவில்லை.

3

(தபன்தாவைச் சோம்பேறியாக்கிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு ஓடியது, ஆனால் பொய். மனிதர் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொன்னார்.)

பெண் மயங்கிய பிறகு நர்ஸ் மிதாலி, கத்தி வைக்கும் முன் சரிபார்க்கும் பட்டியலைப் படித்தாள். “ரத்தப் பை நம்பர், மேடம்?”

அலமுவிடம் நம்பர் இல்லை. மறுபடி போன் போட்டாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

“என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்றார் சர்ஜன் பாலசுப்ரமணியன். கையில் கத்தி.

‘அலமு ஒன்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு...’ (அடித்துவிட்டேன். அவளைக் கோழையாக்க எனக்கு மனம் வரவில்லை.)

“கூடாது சார். ரத்தம் ரெடின்னு நான் சொன்னது தப்பு. நான்தான் தப்பா புரிஞ்சுண்டேன். தபன்தா இப்பதான் டெஸ்ட் ஆரம்பிக்கறார்.”

“எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணி.”

“மயக்கத்துல கிடக்கறா, முக்கால் மணிங்கறே!”

“அவளை நான் பாத்துக்கறேன். அது என் வேலை. அதுவரைக்கும் நீங்க அவ மேல கத்தி வைக்கக் கூடாது.”

அவர் கத்தியைத் தட்டில் போட்டார். சத்தமாகத்தான் போட்டார்.

4

முடிவு ஒன்று: மூன்று பை ரத்தம் ஏறியது, பெண் பிழைத்தாள், சர்ஜன் அலமுவிடம் மன்னிப்புக் கேட்டார்.

முடிவு இரண்டு: ஒரு சொட்டு ரத்தம்கூடத் தேவைப்படவில்லை. முக்கால் மணி நேரத்தை வீணாக்கினாள் என்று ஆஸ்பத்திரியே பேசியது.

முதல் முடிவில் அலமுவை யார் வேண்டுமானாலும் பாராட்டலாம். நீங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, அங்கேயும் அவள் பக்கம் நிற்பீர்களா என்று எழுதுங்கள். நான் பேனாவை வைத்துவிட்டேன்.