கருவேலம்பள்ளத்து மீன்கள்

யார் முதலில் தண்ணீரில் இறங்குவது என்பதில்தான் சண்டை. எங்கள் ஊர்க் கண்மாயில் பழைய வழக்கப்படி, மீன்பிடித் திருவிழா அன்று மேலத்தெரு இறங்கி அள்ளிய பிறகுதான் கீழத்தெரு இறங்க வேண்டும். ஒரு வருடம் கீழத்தெருக்காரர்கள், காத்து நிற்க மாட்டோம் என்றார்கள். கல், கம்பு, போலீஸ், கேஸ். அதற்குப் பிறகு ஏழு வருடமாகத் திருவிழா இல்லை.

கண்மாயை யாரும் தொடவில்லை. வரத்துக்கால் தூர்ந்து தண்ணீர் குறைந்தது. பாதிக் கண்மாயில் சீமைக்கருவேலம் ஏறியது. வெட்டினால் விறகு எந்தத் தெருவுக்கு என்று அடுத்த சண்டை வரும். ஆனால் நடுவில் நாட்டுக் கருவேல மரங்கள் நிற்கும் பள்ளத்தில் வலையே விழாததால் கெண்டையும் விராலும் பெருகின. மீனைத் தேடி மஞ்சள்மூக்கு நாரைகள் வந்தன. மரங்களில் கூடு கட்டின.

நான் மேலத்தெரு. விலங்கியல் படித்துவிட்டு கோரிப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் கரையில் உட்கார்ந்து நாரைகளைப் பார்ப்பேன்.

இந்தப் பங்குனியில் சமாதானம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு தெருவும் ஒன்றாக இறங்குவது என்று முடிவானது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முற்றவில்லை. ஊரே பள்ளத்தில் இறங்கிக் கலக்கினால் தாய்ப்பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடும்.

பஸ்ஸில் பாண்டிமீனாவிடம் சொன்னேன். அவள் கீழத்தெரு. கல்லூரியில் என்னோடு படித்தவள்.

"கூட்டத்துல நீ பேசுடி."

"நான் பேசுனா, மேலத்தெருக்காரி சொல்லிக்குடுத்துட்டாம்பாங்க. நீ பேசுனா, நம்மள எறங்கவிடாம பண்ண புது வழிம்பாங்க. எப்படியும் திட்டு உறுதி. நீயே வாங்கிக்க."

வியாழன் சாயங்காலம், உபரித் தண்ணீர் வழியும் கலுங்கடியில் திருவிழா ஏற்பாட்டுக்குக் கூட்டம். ஒரு பக்கம் என் அப்பா வெள்ளைத்துரையும் எங்கள் தெருவும். எதிரே பாண்டிமீனாவின் அப்பா மலைச்சாமியும் அவர்கள் தெருவும். நான் எழுந்து நின்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுத்தா," என்றார் மலைச்சாமி.

"திருவிழாவ ஒரு மாசம் தள்ளி வைக்கணும். நாரைக்குஞ்சு பறக்குற வரைக்கும்."

"இம்புட்டு நாளா நீங்க எறங்காதன்னீக. இப்ப நாரை சொல்லுதாக்கும்?"

கீழத்தெரு சிரித்தது. "ஒரு மாசத்துல தண்ணி வத்திரும்," என்றார் மலைச்சாமி மறுபடியும். "அப்பறம் சேத்துல புரளவா?"

அவர் சொன்னது சரி. பறவையையே பார்த்துக்கொண்டிருந்த நான் வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை.

"ரோகிணி, உக்காரு," என்றார் அப்பா.

உட்கார்ந்தால் மறுபடி எழ மாட்டேன் என்று தெரியும். "சரி, ஞாயித்துக்கிழமையே நடக்கட்டும். கருவேலம்பள்ளத்த மட்டும் விட்டுருங்க. சுத்திக் கயிறு கட்டிக்கலாம்."

"அம்புட்டு மீனும் பள்ளத்துலதான் கெடக்கு!" எங்கள் தெருவிலிருந்து சித்தப்பா அழகுபாண்டி கத்தினார். "நாம விட்டா அவனுக விடுவானுகளா?"

"ஏண்ணே, எங்களப் பாத்தா களவாணி மாதிரி தெரியுதா?" கீழத்தெரு இளவட்டம் காளை எழுந்தே விட்டான்.

ஏழு வருடம் கழித்து வந்த சமாதானத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"நம்பிக்கை இல்லேல்ல?" என்று பாண்டிமீனா எழுந்தாள். "அப்ப காவல் போடுங்க. கயித்துக்கிட்ட ஒங்க ஆளு ஒண்ணு, எங்க ஆளு ஒண்ணு. எவன் தாண்டுறான்னு பாத்துருவோம்."

மலைச்சாமி தாடையைச் சொறிந்தார். "ஏழு வருசமா அந்த வேலையத்தான பாத்தோம். நல்லாவே பழகிருச்சு."

முதலில் சிரித்தது என் அப்பாதான்.

ஞாயிறு காலை இரண்டு கரையிலும் ஒரே நேரத்தில், இறங்கலாம் என்று துண்டு வீசினார்கள். அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெருவும் ஓடி இறங்கின. கொஞ்ச நேரத்தில் சேறு பூசிய முகங்களில் யார் எந்தத் தெரு என்றே தெரியவில்லை. கயிற்றடியில் சித்தப்பாவும் காளையும் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். மீன் இவர்கள் காலை உரசிக்கொண்டு பள்ளத்துக்குள் நழுவியது. ஒரு பெரிய விரால் துள்ளியபோது காளையின் கை தானாகக் கயிற்றுக்கு மேலே போனது.

"கையி!" என்றார் சித்தப்பா.

"தெரியுதுண்ணே. மீசையத்தான் தொடச்சேன்."

மதியத்துக்குள் ஆளுக்குக் கொஞ்சம் மீனோடு கரை காலியானது. கண்மாய் முழுக்கக் கலங்கிக் கிடந்தது. பள்ளம் மட்டும் தெளிவாக இருந்தது. மேலே வட்டமடித்த நாரைகளில் ஒன்று தயங்கித் தயங்கி இறங்கியது. அலகைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவியது. பிறகு மரத்துக்குப் பறந்தது. குஞ்சுகளின் கத்தல் கரைவரைக்கும் கேட்டது.

காவல்காரர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவில்லை.

"நீ போ, நானும் போறேன்," என்றார் சித்தப்பா.

"நீங்க மொதல்ல போங்கண்ணே. பின்னாலயே வாரேன்."

இருவரும் கரையில் ஒரே நிழலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சொன்னேன். அம்மா திட்டிக்கொண்டே தூக்குவாளியில் சோற்றையும் மீன்குழம்பையும் போட்டாள். சித்தப்பாவுக்கு மட்டும்தானே என்று கேட்டு ஒரு தட்டை எடுத்தேன்.

"ரெண்டு பேருந்தான பசியோட ஒக்காந்திருக்கானுக," என்று இன்னொரு தட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.