வயிற்றில் தொங்கிய குழாய்

அந்த பீரோக்கள் சிவப்பா, பச்சையா என்று இப்போது யாராவது கேட்டால் தடுமாறிப் போவேன். மழைக்காலம் என்பது மட்டும் நிச்சயம். மற்றதில் என் கைச்சரக்கும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

இரும்பு பீரோ செய்யும் பட்டறை அது. முன்கூடத்தில் பெயின்ட் அடிப்பவர் கணவர். முற்றம் தாண்டி, பின்கொட்டகையில் கம்ப்ரஸர் ஓட்டுபவள் மனைவி. அவள் அனுப்பும் காற்றில்தான் அவருடைய ஸ்ப்ரே கன் சீறும். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பது பட்டறையில் பழகிப்போன கிண்டல்.

மழை பிடித்ததிலிருந்து பீரோக் கதவுகளில் அம்மை போட்டது போலக் கொப்புளம் கிளம்பியது. இரண்டு லோடு திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் திரும்பினால் ஸ்ப்ரே கன்னை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, பேக்கிங்கில் அட்டை ஒட்டப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி. பெயின்டருக்குச் சோறு இறங்கவில்லை. கதவில் முகம் தெரியும்படி அடிக்கிற கை, பசை டப்பாவைத் தொடுவதா?

"உன் காத்துல தண்ணி வருது" என்றார் மனைவியிடம்.

"காத்தைப் புடிச்சு அமுக்கினா அதுல இருக்கிற ஈரம் தண்ணியாத்தான் வரும். டேங்க் அடியில சேர்றதை தினமும் தொறந்து விடுறேன். நீங்க முதல்ல பெயின்ட்ல ஊத்துற உங்க தின்னரை மோந்து பாருங்க."

"என் தின்னரைப் பத்திப் பேசாத!"

 மறுநாள் அவள், கணவர் விசேஷங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையோடு பட்டறைக்கு வந்தாள். டேங்க் பக்கத்துக் குழாயைத் திறந்து சட்டையில் காற்றைப் பாய்ச்சினாள். பொட்டு ஈரம் இல்லை. முன்கூடத்துக்கு வந்து, காற்றில் சுழலும் கிரைண்டரால் இரும்பைத் தேய்ப்பவரின் குழாயில் பிடித்தாள். அங்கும் இல்லை. அடுத்து கணவரின் குழாய். சட்டை, துவைத்துப் பிழியாமல் விட்டது போலச் சொட்டியது.

"என் சட்டை!" என்றார் பெயின்டர்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். திறந்த முற்றத்தில் மழையில் நனைந்து சில்லிட்டு வரும் பெரிய குழாய், ஆள் உயரத்துக்கு மேலே முன்கூடத்துச் சுவரோரமாக ஓடியது.

"வர்ற வழியில காத்து குளுந்து, குழாய்க்குள்ள தண்ணி அடியில ஓடுது. மத்தவங்க குழாயை எல்லாம் பெரிய குழாயோட முதுகுல, மேல் பக்கமா எடுத்திருக்கு. உங்களுது மட்டும் வயித்துல இருந்து தொங்குது. ஓடுற தண்ணியெல்லாம் உங்க கன்னுக்குத்தான் வரும். எந்தப் புண்ணியவான் வச்சது?"

குழாய் வேலை பார்க்கும் பிட்டர் வாயைத் திறந்தார். பெயின்டரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். "காத்து உன் பொறுப்பு. காத்து வர்ற குழாய் லைனையும் நீதானேம்மா பார்த்திருக்கணும்?"

 சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பெயின்டர் தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"நான்தான் கீழ வைக்கச் சொன்னேன். மேல வச்சா குழாயைத் திறக்க எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டு ஏறினா இவங்க எல்லாம் சிரிப்பாங்க."

சொன்னபடியே எல்லோரும் சிரித்தார்கள்.

"பரண் மேல இருக்கிறதை எல்லாம் நான்தான் எடுத்துத் தர்றேன். அப்போ எங்கங்க போச்சு இந்த ரோஷம்?" என்றாள் மனைவி.

"அது வீடு!"

பிட்டர் தலையைச் சொறிந்தார். "ஏண்ணே, முதுகுல இருந்து எடுத்து, கொக்குக் கழுத்து மாதிரி வளைச்சு உங்க நெஞ்சு வரைக்கும் இறக்கித் தர மாட்டேனா? அடியில தண்ணி வடியறதுக்கு ஒரு திருகும் வச்சுடலாம். எட்டலைன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"அதைச் சொல்லத்தான் முடியலையேப்பா."

அன்று சாயங்காலத்துக்குள் குழாய் வளைந்து இறங்கியது. மூன்றாவது லோடு போனது, திரும்பவில்லை. பெயின்டர் கண் மங்கும் வரை கன்னைக் கீழே வைக்கவில்லை. மனைவி பெரிய ஆலை ஒன்றின் கம்ப்ரஸர் அறைக்கு மேற்பார்வையாளராகப் போனாள். பிட்டர் சொந்தமாகக் கடை போட்டார். முதலாளி பட்டறையை மகளிடம் ஒப்படைத்தார். அவள் முதல் வேலையாகக் காற்றை உலர்த்தும் இயந்திரம் வாங்கினாள்.